சாட்சி சொன்ன மறுநாள்

உட்காருங்கள், டீ வந்துவிடும். நீங்கள் கேட்டது ஒரு டம்ளரில் முடிகிற கேள்வி இல்லை, இரண்டாவதும் சொல்ல வேண்டியிருக்கும்.

கன்வென்ஷன் மேடையில் ஒருவர் ஏறித் தேம்பித் தேம்பி அழுகிறார். எந்த வருஷம், எந்தக் கூட்டத்தில், எந்த வசனத்தால் ஆண்டவர் தன்னைத் தொட்டார் என்று தேதியோடு சாட்சி சொல்கிறார். பந்தல் முழுவதும் அல்லேலூயா சத்தம். அவர் தெருவிலேயே குடியிருக்கும் உங்களுக்கோ அவருடைய வட்டிக் கணக்கு தெரியும். கடன் வாங்கியவர்கள் அவர் வாசலில் எப்படி நிற்கிறார்கள் என்பதும் தெரியும். அந்தக் கண்ணீரை நம்புவதா? உண்மையான விசுவாசத்தையும் வாயோடு நின்றுவிடும் விசுவாசத்தையும் எப்படித்தான் பிரித்தறிவது?

நம் சபைகளில் இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். அவ்வளவு அழுதாரே, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள் சிலர். நியாயந்தீர்க்க நாம் யார் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே கேள்விக்கு முகம் கொடுக்காமல் நழுவிவிடுகின்றன. தம்மை ஆண்டவரே என்று வாய் நிறைய அழைத்தவர்களிலும், தம் பெயரைச் சொல்லி அற்புதம் செய்தவர்களிலும்கூடத் தமக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் இருப்பார்கள் என்று மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசுவே எச்சரித்திருக்கிறார். ஆகவே உங்கள் கேள்வி பொறாமையில் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கேள்வியோடு வாழ்நாளில் பாதியைக் கழித்த ஒருவரைச் சொல்கிறேன். அவர் எழுதியதைப் போலவே அவருக்கு நேர்ந்ததும், அவர் காணத் தவறியதும் நமக்குப் பாடம்.

ஜோனத்தன் எட்வர்ட்ஸ். அமெரிக்கா தனி நாடாக ஆவதற்கு முன், மாசசூசெட்ஸில் நார்த்தாம்ப்டன் என்ற ஊரின் போதகர். சுமார் 200 குடும்பங்கள் கொண்ட ஊர். அவருக்கு முன் அங்கே ஏறக்குறைய 60 ஆண்டுகள் போதகராக இருந்தவர் அவருடைய தாய்வழித் தாத்தா சாலமன் ஸ்டாடர்ட். உபதேசம் தெரிந்து, வெளிப்படையான ஒழுக்கக்கேடு இல்லாத எவரும் திருவிருந்துக்கு வரலாம் என்பது தாத்தா வைத்த வழக்கம். பந்தியில் உட்கார வைத்தால் அந்தப் பந்தியே ஒருவரை மனந்திருப்பும் என்று அவர் நம்பினார். பெருந்தன்மையான நம்பிக்கைதான். அதன் விளைவாக, யார் உண்மையாக விசுவசிக்கிறார் என்று பந்தியில் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

1729-ல் தாத்தா இறந்தபின் எட்வர்ட்ஸ் பொறுப்பேற்றார். 1734-ன் இறுதியில் அந்த ஊரில் ஓர் எழுப்புதல் தொடங்கியது. மதுக்கடை வெறிச்சோடியது, பழைய பகைகள் தீர்ந்தன, எந்த வீட்டிலும் ஆத்துமாவைப் பற்றியே பேச்சு. அரை வருடத்தில் 300 பேருக்கு மேல் மனந்திரும்பினார்கள் என்று எட்வர்ட்ஸ் கணித்தார். 1737-ல் அவர் எழுதிய விவரம் லண்டனில் அச்சாகி, கடல் கடந்து படிக்கப்பட்டது.

அதே 1737-ல் நார்த்தாம்ப்டனில் புதிய ஆலயம் கட்டி முடிந்தது. இருக்கைகளை ஒதுக்க வேண்டும். முன்வரிசை யாருக்கு? ஊர் கூடி எடுத்த முடிவு, சொத்து மதிப்பு முதலில், வயது அதற்குப் பிறகு என்பது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதவர்கள் இவர்கள்! எட்வர்ட்ஸின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. 1735-ல் வந்த கண்ணீர் பொய்யா? பொய்யில்லை என்றால் அது எங்கே போனது?

1740-ல் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்ட் வந்தார். எழுப்புதல் இந்த முறை நியூ இங்கிலாந்து முழுவதும் பரவியது. அலறினார்கள், மயங்கி விழுந்தார்கள். பாஸ்டனில் சார்ல்ஸ் சான்சி என்ற போதகர் இதெல்லாம் வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று எழுதினார். மறுபக்கம், உடம்பு நடுங்காவிட்டால் ஆவியானவர் இல்லை என்று பேசியவர்கள். இருவருக்கும் இடையே நின்று எட்வர்ட்ஸ் பல மாதங்கள் பிரசங்கித்ததே 1746-ல் நூலாக வந்தது. சமய உணர்வுகளைப் பற்றிய அந்த நூலை எட்வர்ட்ஸின் மிகச் சிறந்த படைப்பு என்பேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இனிமேல்தான் விஷயம்.

எவை எதையும் நிரூபிப்பதில்லை என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். 12 அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். உணர்ச்சி மிகத் தீவிரமாக இருப்பது. உடம்பு ஆடுவது. ஆவிக்குரிய விஷயங்களைச் சரளமாகப் பேசுவது. திடீரென்று ஒரு வசனம் மனதுக்குள் வந்து விழுவது. ஜெபத்திலும் ஆராதனையிலும் மணிக்கணக்காக இருப்பது. இரட்சிக்கப்பட்டேன் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லாதிருப்பது. பக்தியுள்ள மற்றவர்கள் சாட்சியைக் கேட்டு இவர் நம்மவர் என்று மனமார ஏற்றுக்கொள்வது. இவை இருப்பதால் விசுவாசம் உண்மை என்றும் ஆகாது, பொய் என்றும் ஆகாது.

இந்த இடத்தில் நிதானமாகப் பாருங்கள், வாசகர்கள் அவசரத்தில் தாண்டிப்போகிற இடம் இது. அழுகிறவன் வேஷக்காரன் என்று எட்வர்ட்ஸ் சொல்லவே இல்லை. உணர்ச்சியற்ற மதம் உயிரற்ற மதம் என்பதுதான் அவருடைய முதல் வாதமே. சான்சிக்கு அவர் தந்த பதில் அது. அவர் சொல்வதெல்லாம், அழுகையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது என்பதுதான். செங்கடலைக் கடந்த இஸ்ரவேலர் பாடினார்கள், சில மாதங்களில் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆடினார்கள். இரண்டும் ஒரே வாய். விதைக்கிறவன் உவமையில் பாறை நிலத்தார் வசனத்தைச் சந்தோஷத்தோடுதான் ஏற்கிறார்கள். வசனம் மனதில் விழுவதை வைத்து முடிவு செய்யலாம் என்றால், வனாந்தரத்தில் இயேசுவிடம் வசனம் சொன்னவன் யார் என்று யோசியுங்கள். நல்லவர்கள் ஏற்றுக்கொண்டதே போதும் என்றால், கடைசி இராப்போஜனத்தில்கூட யூதாஸை மற்றச் சீஷர்கள் சந்தேகிக்கவில்லை. நானோ, நானோ என்று தங்களைத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இதற்கும் அவர் 12 அடையாளங்கள் சொல்கிறார். எல்லாவற்றையும் இங்கே அடுக்க மாட்டேன். என்னை உலுக்கிய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கடவுளை நேசிப்பதற்கான காரணம். எனக்கு வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, கடன் அடைந்தது, ஆகவே ஸ்தோத்திரம். நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் நன்றி அங்கேயே நின்றுவிட்டால் அது சுற்றி வந்து தன்னைத்தான் நேசிக்கிறது என்கிறார் எட்வர்ட்ஸ். உண்மையான விசுவாசம் கடவுளின் பரிசுத்தத்தை, அவர் அவராக இருப்பதை அழகாகக் காண்கிறது. தனக்கு ஒன்றும் கிடைக்காத நாளிலும் அந்த அழகு குறைவதில்லை. போலி பக்தி, தான் கண்டதைவிடத் தான் கண்டேன் என்பதிலேயே அதிகம் மகிழும். ஒரு சாட்சியைக் கேட்டு முடித்து எழுந்து வரும்போது மனதில் நிற்பது ஆண்டவரா, சாட்சி சொன்னவரா என்று அடுத்த முறை கவனியுங்கள். இந்த விஷயத்தில் நம் மேடைகள் மிகவும் பலவீனமாக இருக்கின்றன என்பது என் எண்ணம். கிடைத்ததைச் சொல்லும் சாட்சிக்கே ஒலிபெருக்கி தருகிறோம். கிடைக்காமல் போனபின்னும் ஆண்டவரைப் பற்றிக்கொண்டிருக்கும் விதவைத் தாயை மேடைக்கு அழைப்பதே இல்லை.

மற்றொன்று பன்னிரண்டாவது அடையாளம், நூலில் மிக நீளமான பகுதி. நடக்கை. வசந்தத்தில் மரம் நிறையப் பூக்கிறது, எல்லாப் பூவும் அழகு, எல்லாப் பூவும் மணம், எது காயாகும் என்று அன்று சொல்ல முடியாது என்று எழுதுகிறார். மாம்பூ கொட்டிக் கிடக்கும் தோப்பில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நல்லது செய்வதை அவர் நடக்கை என்று சொல்லவில்லை. வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களிலும், நஷ்டம் வரும்போதும், சாகும்வரை தொடரும் கீழ்ப்படிதலைத்தான் சொல்கிறார். ஆலயத்தில் ஒழுங்கு, கடைத்தராசில் ஒழுங்கின்மை என்றால் அது இந்தக் கணக்கில் சேராது.

இதுவரை அவருடைய சிந்தனை. இனி நான் கேட்க விரும்பும் கேள்வி. நடக்கைதான் அடையாளம் என்றால், அதைப் பார்க்க முடிந்தவர் யார்? போதகருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் காட்டும் முகம் எல்லாரிடமும் நல்ல முகமே. ஒருவருடைய கைக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் மறுமுகம் தெரியும்.

எட்வர்ட்ஸையே இந்தக் கேள்விக்கு முன் நிறுத்தியாக வேண்டும். 1731-ல் அவர் ரோட் ஐலண்டில் இருக்கும் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், சுமார் 14 வயதான வீனஸ் என்ற ஆப்பிரிக்கச் சிறுமியை 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். விற்பனைப் பத்திரம் இன்றும் இருக்கிறது. கறுப்பின மக்களைத் தன் சபையில் முழு அங்கத்தினர்களாக ஏற்றவர், ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துவரும் வியாபாரத்தை எதிர்த்தவர், ஆனாலும் வீட்டில் அடிமை வைத்திருப்பதைத் தவறென்று காணவில்லை. நடக்கையைப் பற்றி அத்தனை பக்கம் எழுதிய கைதான் அந்தப் பத்திரத்தையும் வாங்கியது. அவருடைய விசுவாசம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வீனஸிடம் யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்வேன். அவர் வீட்டில் தங்கிப் படித்த சீடர் சாமுவேல் ஹாப்கின்ஸ் பின்னாளில் அதே நியூபோர்ட்டில் போதகரானார், 1776-ல் அடிமை முறையையே எதிர்த்து நூல் வெளியிட்டார். எட்வர்ட்ஸின் மகனும் 1791-ல் அதற்கு எதிராகப் பிரசங்கித்தார். தந்தை எழுதிவைத்த அளவுகோலை அடுத்த தலைமுறை அவர் வைக்காத இடத்தில் வைத்துப் பார்த்தது.

கீழே இருந்து பார்த்தவரின் வாயாலேயே கேட்க வேண்டுமென்றால் ஃபிரெடெரிக் டக்ளஸிடம் போக வேண்டும். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி, 1845-ல் தன் வரலாற்றை எழுதியவர். அவருடைய எஜமான் தாமஸ் ஆல்ட் 1830-களின் தொடக்கத்தில் ஒரு மெதடிஸ்ட் முகாம் கூட்டத்துக்குப் போனார், அங்கே மனந்திரும்பினார். இளைஞன் டக்ளஸ் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் தெளிவான ஒரு சோதனை இருந்தது. இந்த மனிதர் உண்மையாக மனந்திரும்பியிருந்தால் எங்களை விடுதலை செய்வார், அதுவும் இல்லாவிட்டால் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவார். இறையியல் கல்லூரி எதுவும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை.

இரண்டும் நடக்கவில்லை. ஆல்ட் வீட்டில் காலையும் இரவும் ஜெபம், வருகிற பிரசங்கிகளுக்கு விருந்து, சபையில் அவருக்குப் பொறுப்பு. அடிமைகளுக்கோ அரைவயிறு. கை முடமான ஓர் இளம்பெண்ணைக் கட்டி அடித்துவிட்டு, எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரனைப் பற்றிய வசனத்தை அதற்கு ஆதாரமாகச் சொன்னார். டக்ளஸும் சிலரும் ஓய்வுநாளில் அடிமைகளுக்குப் புதிய ஏற்பாடு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது, தடியோடு வந்து கலைத்தவர்கள் அதே சபையின் வகுப்புத் தலைவர்கள். முன்பு தன் கொடுமைக்குக் காரணம் தேடாத மனிதருக்கு, மனந்திரும்பியபின் மதமே காரணமாகிவிட்டது என்கிறார் டக்ளஸ்.

இத்தனையும் பட்டவர் மதமே வேண்டாம் என்று போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் தன் நூலின் கடைசியில் அவர் ஒரு பிற்சேர்க்கை எழுதினார். அடிமை வைத்திருப்பவர்களின் கிறிஸ்தவத்தைத்தான் வெறுக்கிறேன், கிறிஸ்துவின் கிறிஸ்தவத்தை நேசிக்கிறேன், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது என்று விளக்கினார். உண்மையையும் போலியையும் பிரித்தறிய ஒரு பாடநூல் கேட்டால், எட்வர்ட்ஸின் நூலுக்குப் பக்கத்தில் இந்தப் பிற்சேர்க்கையை வைப்பேன்.

நம் ஊருக்கு வருவோம், இதே கேள்வி நம் திருவிருந்துப் பந்தியிலும் எழுந்திருக்கிறது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவது, பாத்திரத்தில் பருகுவதில் சாதி பார்ப்பது எல்லாம் நிற்க வேண்டும், உடனே நிற்க வேண்டும் என்பது உத்தரவு. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஞானப்பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், ஜெபத்தில் தவறாதவர்கள். நார்த்தாம்ப்டனில் சொத்துக்காக நடந்த இருக்கைச் சண்டை இங்கே பிறப்புக்காக நடந்தது. முடிந்துபோன கதை என்று நினைத்தால், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்பவர்கள் எழுப்பிய சுவர் அது. ஒரு சபையின் விசுவாசத்தைப் பற்றி அறிய முன்வரிசைக்காரரைக் கேட்காதீர்கள். அந்தச் சுவருக்கு அப்பால் தன் தாயைப் புதைத்தவரைக் கேளுங்கள்.

இன்னொரு டீ சொல்கிறேன். அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரிகிறது. அப்படியென்றால் எல்லாரையும் நாமே சலித்துப் பிரித்துவிடலாமா?

கூடாது. எட்வர்ட்ஸ் இதில் கண்டிப்பானவர். ஆடுகளையும் வெள்ளாடுகளையும் நிச்சயமாகப் பிரித்துவிடும் விதியை மனிதர் கையில் கொடுக்கக் கடவுள் எண்ணியதே இல்லை என்கிறார். அந்த 12 அடையாளங்களை முதலில் அவரவர் தம்மைச் சோதிக்கவே வைக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் காலத்திலேயே ஜேம்ஸ் டேவன்போர்ட் இருந்தார். ஊர் ஊராகப் போய், இந்த ஊர்ப் போதகர் மனந்திரும்பாதவர் என்று பெயர் சொல்லி அறிவித்தவர். 1743 மார்ச்சில் நியூ லண்டனில் மக்களைக் கூட்டி, மதிப்புமிக்க இறையியல் நூல்களைத் தீயில் போட வைத்தார். தன்னிடம் ஆவியானவரே பேசுகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வருடம் தான் தவறான ஆவியால் நடத்தப்பட்டேன் என்று அச்சிட்டு மன்னிப்புக் கேட்டார். ஊழியத்தின் உச்சத்தில் நின்றவரைவிட அந்த மன்னிப்பை அச்சிட்டவரை நான் அதிகம் நம்புகிறேன்.

போதகர்கள், தீர்க்கதரிசிகள் என்று வருகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியே வேதம் கட்டளையிடுகிறது. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் சாபம் வரும் என்று மிரட்டுகிறவரிடம் நியாயந்தீர்க்காதே என்ற வசனத்துக்கு அஞ்சி அடங்கிப்போக வேண்டியதில்லை. மந்தையைக் காக்கும் பொறுப்பு அது. பக்கத்து இருக்கையில் இருக்கும் பாட்டியின் இரட்சிப்பை எடைபோடுவது அந்தப் பொறுப்பில் அடங்காது.

எட்வர்ட்ஸ் சபை வழக்கத்தையும் மாற்ற முயன்றார். முழு அங்கத்தினராக வருகிறவர் தன் விசுவாசத்தைத் தன் வாயால் மனப்பூர்வமாக அறிக்கை செய்தால் போதும் என்றார். அனுபவத்தின் தேதி, கண்ணீரின் அளவு எதையும் கேட்கவில்லை. தாத்தா காலத்து வழக்கத்தைத் தொட்டதே குற்றமாயிற்று. வேறு மனத்தாங்கல்களும் சேர்ந்துகொண்டன. 1750 ஜூனில் சபையின் ஆண்கள் வாக்களித்தபோது அவரை நீக்க 230 பேர், வைத்துக்கொள்ள 23 பேர். ஒரு காலத்தில் அவர் பிரசங்கத்தில் மனந்திரும்பியதாகச் சொன்னவர்கள் அந்த 230-இலும் இருந்திருப்பார்கள். அவர் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புறக் கிராமத்துக்குப் போய்ப் பூர்வகுடி மக்களிடையே ஊழியம் செய்தார்.

இன்னொரு வகை ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. இதையெல்லாம் கேட்டதும், மேடைக்காரரை மறந்துவிட்டு, என் விசுவாசமே போலியோ என்று நடுங்கத் தொடங்குகிறவர்கள். பெரும்பாலும் நடுங்க வேண்டாதவர்கள்தான் நடுங்குகிறார்கள். 1735 ஜூன் 1 அன்று, எழுப்புதல் ஓங்கியிருந்த நாட்களில், எட்வர்ட்ஸின் உறவினர் ஜோசஃப் ஹாலி தன் ஆத்துமாவின் நிலை குறித்த தாங்கமுடியாத மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு அவர் குடும்பத்திலேயே இருந்தது. ஊர் நிலைகுலைந்தது. உள்ளத்தைத் தோண்டிக்கொண்டே இருப்பது ஒருவரை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை எட்வர்ட்ஸ் நேரில் கண்டவர். நிச்சயம் வேண்டுமென்றால் உள்ளே தேடுவதைவிட எழுந்து கீழ்ப்படி, செயலில்தான் அது அதிகம் கிடைக்கும் என்று பின்னர் அவர் எழுதியதை இதை மனதில் வைத்தே படிக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படி நடுங்கினால் பிரசங்கம் செய்யாதீர்கள். கூட இருங்கள், நல்ல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

அந்த ஹாலிக்கு ஒரு மகன், அதே பெயர். தந்தை இறந்தபோது சிறுவன். வளர்ந்து வழக்கறிஞரானார். 1750-ல் எட்வர்ட்ஸை வெளியேற்ற முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர் அவர்தான். எட்வர்ட்ஸ் 1758-ல் இறந்தார். 1760-ல் ஹாலியின் கடிதம் ஒன்று பாஸ்டன் செய்தித்தாளில் வெளியானது. தான் நடந்துகொண்ட விதத்தில் அகங்காரமும் அநியாயமும் இருந்தன என்று அவர் தன் பெயரோடு ஒப்புக்கொண்டார். மன்னிக்க வேண்டியவர் உயிரோடு இல்லை, எழுதியதால் அவருக்கு ஊரில் லாபமும் இல்லை. நார்த்தாம்ப்டனில் உண்மையான விசுவாசம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், அரை வருடத்தில் மனந்திரும்பிய 300 பேரின் கணக்கை எடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.